உடைந்ததை மாற்றினோம், உடைத்ததை விட்டுவிட்டோம்

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் வழியில், தாப்பாவைத் தாண்டி பீடோருக்குள் நுழையும் முன்பாக, அப்பாவின் காருக்கு அடியில் யாரோ இரும்புக் குழாயால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டதாம். அம்மா மடியில் பேத்திக்குச் சுட்ட முறுக்கு டின். அப்பா பதறாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, சமிக்ஞை விளக்கைப் போட்டு, காரை அவசரத் தடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியரைப் போட்டால் கார் நகரவில்லை. கீழே மறுபடியும் அந்த இடிச்சத்தம் மட்டும்தான்.

கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட தண்டையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங் கிழிந்துவிட்டது. 14 மாதங்களில் இது மூன்றாவது கிழிசல்.

அப்பாவிடம் இருப்பது டபிள்யூ 124 வகை பென்ஸ், 1992-இல் பதிவானது. பள்ளி ஆசிரியராக இருந்தபோது பழைய காராக வாங்கினார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக் கார் அதுதான். அக்காவைப் பிரசவத்துக்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அதுதான். ஆனால் அன்றிரவு இழுவை லாரியின் முன் இருக்கையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய அப்பாவிடம், "போதும்ப்பா, வித்திடலாம்" என்று அக்காவும் நானும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. வாதாடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் காரை விற்பதா வேண்டாமா என்பதைப் பற்றியது அல்ல. ஒரே பாகம் திரும்பத் திரும்ப உடையும்போது நாம் எங்கே பார்க்கத் தவறுகிறோம் என்பதைப் பற்றியது. காரின் மீதும் குறை சொல்வதற்கில்லை. 30 வயதைத் தாண்டிய ரப்பர் கிழிவது இயற்கை. புதிய ரப்பர் ஏழு மாதத்தில் கிழிவதுதான் இயற்கை இல்லை.

கியர்பாக்ஸுக்குப் பின்னால் நடப்பது

பின்சக்கரம் இயங்கும் கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கும். சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓடுவதுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். நம் ஊர்ப் பட்டறைகளில் சுருக்கமாக 'புரொப்ஷாஃப்ட்' என்பார்கள். நீளமான தண்டு என்பதால் இரண்டு துண்டாகச் செய்து, நடுவில் ஒரு பேரிங்கை ரப்பர் வளையத்துக்குள் வைத்து, காரின் தரைத்தகட்டில் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கும். அதை நம்மவர்கள் கிராஸ் ஜாயிண்ட் என்பதும் உண்டு.

எஞ்சினின் உதறல் தண்டுக்குப் போகக்கூடாது; கியர் மாறும்போது விழும் அடியும் மென்மையாக வேண்டும். அதற்காகத் தண்டின் முனையில் தடித்த ரப்பர் வட்டு ஒன்றை வைத்தார்கள். அதில் ஆறு துளைகள். மூன்று துளைகளில் கியர்பாக்ஸ் பக்கத்து மூன்று கைகள் பூட்டப்படும். இடையிடையே உள்ள மற்ற மூன்றில் தண்டின் மூன்று கைகள். இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. முழு இழுவையும் ரப்பருக்குள் சுற்றிவைத்த கயிறு இழைகளின் வழியாகத்தான் போகிறது. பி.எம்.டபிள்யூ.வின் பல பழைய வகைகளில் இந்த வட்டு முன்முனையில் மட்டும் உண்டு. டபிள்யூ 124-இல் முன்னும் பின்னும் இரண்டு. இந்த எண்ணிக்கையை மனத்தில் வையுங்கள், பின்னால் வருகிறது.

ஆங்கிலம் பேசும் கார்ப் பிரியர்கள் இந்த வட்டை 'கியூபோ' என்று என்னென்னவோ உச்சரிப்பில் அழைப்பார்கள். மூலச்சொல் இத்தாலியன்: 'ஜியுந்தோ பொஸ்கி', அதாவது பொஸ்கியின் இணைப்பு. இரண்டு சொற்களின் தலையையும் ஒட்டினால் ஜியுபோ. பிரெல்லி நிறுவனத்தில் வேலை செய்த அந்தோனியோ பொஸ்கி என்ற பொறியாளர் கண்டுபிடித்த இணைப்பு அது. அவரும் அவர் மனைவியும் ஓவியங்களைச் சேகரித்துத் தள்ளியவர்கள். மிலான் நகரில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். காருக்கு அடியில் எண்ணெய் படிந்து கிடக்கும் ஒரு ரப்பர் துண்டுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பதை அப்பாவிடம் சொன்னேன். "அது சரி, ஏன் கிழியுதுன்னு அவரு சொன்னாரா?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. 195/65 ஆர் 15 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடும். சக்கரம் ஒருமுறை சுற்ற, தண்டு மூன்று முறைக்கு மேல் சுற்றவேண்டும். இந்தக் காரில் 3.27 முறை. ஈப்போ, கோலாலம்பூர் தூரம் சுமார் 200 கிலோமீட்டர். அப்படியானால் ஒரே ஒரு பயணத்தில் தண்டு மூன்று லட்சத்துக்கும் அதிகமான சுற்றுகள் சுற்றுகிறது. கியர்பாக்ஸும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் ரப்பருக்கு இழுவை மட்டும்தான் வேலை. கோடு கொஞ்சம் வளைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது ஒருமுறை வளைந்து நிமிர வேண்டும். ஒரு தகரத் துண்டை இப்படியும் அப்படியும் வளைத்து முறிப்போமே, அதேதான். தகரம் பத்து வளைப்பில் முறியும்; ரப்பர் சில மாதம் தாங்கும்.

பாயான் லெப்பாஸிலிருந்து வந்த மருமகள்

மூன்றாவது முறையும் பட்டறையில் புதுக் கப்ளிங் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முதலில் மாற்றியது மலிவு விலைப் பொருள் என்றும், அடுத்தது பழைய இருப்பாக இருக்கலாம் என்றும், இந்த முறை 'ஒரிஜினல்' என்றும் சொன்னார்கள். பட்டறையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? "கப்ளிங் போயிருச்சு, மாத்திக் கொடுங்க" என்று சொல்லித்தான் நாங்களே காரை விட்டோம். கேட்டதைச் செய்து கொடுத்தார்கள்.

வார இறுதியில் அக்கா மகள் வந்திருந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். தாத்தா காரில் ஒரு சுற்றுப் போய்வந்தவள், "மாமா, புதுசு போட்ட பிறகும் சீட்டுக்கடியில் ஒரு ரீங்காரம் இருக்கே, கவனிச்சீங்களா?" என்றாள். கவனித்திருக்கிறேன். புது ரப்பர், பழகினால் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டும் இருந்தேன்.

அவள் கைபேசியில் அதிர்வை அளக்கும் செயலி ஒன்றை இறக்கினாள். கைபேசிக்குள் இருக்கும் அசைவு உணரிதான் கருவி. திரையைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்குப் பயன்படும் அதே உணரி. நான் ஓட்ட, அவள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கைபேசியை நடுப் பெட்டியின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுபவரே கைபேசியையும் பார்க்கும் வேலையை யாரும் செய்யவேண்டாம்.

ஏன் 100-இல் போகாமல் 80-இல் ஓட்டச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் கைபேசி வினாடிக்கு 100 முறைதான் அளக்கும். அதில் பாதிக்கு மேல், அதாவது வினாடிக்கு 50 அதிர்வுக்கு மேல், அது காட்டுவதை நம்ப முடியாது. 100 கிலோமீட்டரில் தண்டு வினாடிக்கு 46 முறை சுற்றும். எல்லைக்கு ரொம்பப் பக்கம். 80-இல் போனால் 36 அல்லது 37.

அதே 80-இல் சக்கரம் வினாடிக்கு 11 முறைதான் சுற்றுகிறது. டயர் சமநிலை கெட்டிருந்தால், அல்லது பல நாள் நிறுத்திவைத்ததில் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், திரையில் 11 என்ற இடத்தில் மேடு எழவேண்டும். ஸ்டீயரிங்கும் கையில் ஆடும். எங்களுக்கு 37-இல் மேடு எழுந்தது. ஸ்டீயரிங் அமைதி. இருக்கையும் தரையும்தான் நடுங்கின.

இதில் ஒரு சிக்கல். கடைசிக் கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அப்படியானால் 37 என்பது எஞ்சினின் அதிர்வாகவும் இருக்கலாமே? வேகத்தைக் குறைக்காமல் கியர் கம்பியை 3-க்குத் தள்ளச் சொன்னாள். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000-ஐத் தாண்டிக் கத்தியது. வினாடிக்கு 50-க்கும் மேல். மேடு நகரவில்லை. 37-இலேயே நின்றது.

எஞ்சினும் இல்லை, சக்கரமும் இல்லை. தண்டு. புத்தம் புதுக் கப்ளிங் போட்ட தண்டு.

கைபேசி இல்லாமலும் இதைச் செய்யலாம். பழைய ஃபோர்மேன்கள் இதைத்தான் காலங்காலமாகப் பிட்டத்தால் அளந்தார்கள். கார் நிற்கும்போது எஞ்சினை முறுக்கினாலே அதிர்கிறதா? எஞ்சின் பக்கம் பாருங்கள். வேகம் மாறாமல் கியர் மட்டும் மாறும்போது அதிர்வும் மாறுகிறதா? அப்போதும் எஞ்சின். வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிறதா? தண்டு அல்லது சக்கரம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு குலுக்கல் குலுக்கி, பிறகு அடங்குகிறதா? நடு பேரிங்கின் ரப்பரையும் தண்டின் கோணத்தையும் சந்தேகியுங்கள். 'டி' போடும்போது ஒரு 'டங்', 'ஆர்' போடும்போது ஒரு 'டங்' என்றால் கப்ளிங், கிராஸ் ஜாயிண்ட், டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர்கள் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும்.

புந்தோங் குழியில்

அப்பாவுக்கு ஒருவரைத் தெரியும். ஈப்போ புந்தோங்கில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்யும் பழைய ஃபோர்மேன். எழுபதை நெருங்கியவர், இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று கார்தான் தொடுகிறார். நாங்கள் போனதும் காருக்கு அடியில் நுழையவில்லை. "கிழிஞ்சத வச்சிருக்கீங்களா சார்?" என்று அப்பாவைத்தான் கேட்டார்.

அப்பா எதையும் எறியாதவர். பூட்டைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்த இரண்டு கிழிந்த வட்டுகளை எடுத்துக் கொடுத்தார்: முதல் மாற்றத்தில் போட்டது ஒன்று, நெடுஞ்சாலையில் போனது ஒன்று. இத்தனை மாதங்களில் எந்தப் பட்டறையும் அவற்றைக் கேட்கவில்லை. எங்களுக்கும் காட்டத் தோன்றவில்லை.

அங்கிள் அவற்றை மேசையில் பக்கம் பக்கமாக வைத்துத் துணியால் துடைத்தார். "தம்பி, இங்க வந்து பாரு. இழுத்து மட்டும் கிழிஞ்சிருந்தா மூணு இடம்தான் அடி வாங்கியிருக்கணும். ஆறு இடத்திலயும் வெடிச்சிருக்கு. இது இழுத்துச் சாகல. வளைஞ்சு வளைஞ்சு செத்திருக்கு." அடுத்து, துளைகளில் பதிந்திருக்கும் இரும்பு உறைகளைக் காட்டினார். இரண்டில் சுற்றியுள்ள ரப்பர் திருகிக்கொண்டு நின்றது. போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகவேண்டிய இடத்தில், நட்டைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகியிருக்கிறார்கள். போல்ட்டோடு உறையும் சுற்ற, ரப்பர் பூட்டும்போதே முறுக்கேறி, பிறந்த அன்றே பாதி ஆயுளை இழந்துவிடுகிறது. மூன்றாவதாக, ஒரு பக்கம் மட்டும் ரப்பர் ஊறிப் பளபளத்தது. விரலால் தேய்த்து முகர்ந்தார். கியர்பாக்ஸ் எண்ணெய்.

அவரிடம் காரைத் தூக்கும் ஹோய்ஸ்ட் இல்லை. தரையில் சிமெண்ட் பூசிய குழிதான். அதைப் பார்த்து நான் முகம் சுளித்திருக்கவேண்டும். "இந்த வேலைக்குக் குழிதான் நல்லது, ஏன்னு அப்புறம் சொல்றேன்" என்றார்.

குழியில் இறங்கி விளக்கை மேலே திருப்பினார். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டையாக மூன்று ரப்பர் கால்களில் உட்கார்ந்திருக்கின்றன: எஞ்சினுக்கு இருபக்கமும் இரண்டு, கியர்பாக்ஸின் வாலுக்கு ஒன்று. வால் பக்கத்து மவுண்டிங் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. கியர்பாக்ஸின் பின் சீல் கசிந்து, எண்ணெய் சொட்டுச் சொட்டாக அதன்மேல்தான் விழுந்து கொண்டிருந்தது. இந்த வகைக் காரின் எஞ்சின் மவுண்டிங்குகளுக்குள் திரவம் இருக்கும். அது வெளியேறிவிட்டால் வெறும் ரப்பர் தொப்பிதான். இரண்டில் ஒன்று எப்போதோ வற்றிவிட்டது.

மூன்று கால் முக்காலியில் ஒரு கால் தேய்ந்தால் மேலே இருப்பது சாயும். முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், பின்னால் 10 மில்லிமீட்டர் இறங்கினாலே கோணம் அரைப் பாகைக்கு மேல் மாறும். கேட்க அற்பமாக இருக்கும். நிமிடத்துக்கு 2,700 முறை சுற்றும் ரப்பருக்கு அது அற்பமில்லை.

பிறகு தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். தண்டின் முனை கியர்பாக்ஸ் அச்சின் நடுவிலேயே நிற்க, உள்ளே ஒரு சிறு உறை உண்டு. அது தேய்ந்து, தண்டு ஆடியது. நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. இரண்டு தண்டுத் துண்டுகளும் சேரும் இடத்தில் பெரிய நட்டு ஒன்று இருக்கிறது. அதைத் தளர்த்தினால்தான் தண்டு நீளத்தில் நகர்ந்து தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். அந்த நட்டைச் சுற்றிப் பல வருடத்து அழுக்கு உடையாமல் அப்படியே இருந்தது. மூன்று முறை கப்ளிங் மாற்றியும் யாரும் அதில் ஸ்பேனரை வைத்ததே இல்லை. அதாவது மூன்று முறையும் தண்டை நெம்பி இடம் பண்ணி, புது ரப்பரைச் செருகி, இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, பின்முனைக்கு வெளிச்சம் காட்டினார். இந்தக் காரில் கப்ளிங் இரண்டு என்று முன்பே சொன்னேன் அல்லவா? பின்னால் இருந்தது ஒருமுறைகூட மாற்றப்படாதது. வெடிப்புகளுக்குள் இழைகள் தெரிந்தன. முன்னால் கிழிந்ததைப் பார்த்து மும்முறை பதறிய நாங்கள், பின்னால் ஒன்று இருப்பதையே அறியாமல் நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறோம்.

"இங்க உடைஞ்சது ஒண்ணு, உடைச்சது அஞ்சு" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கவலை இல்லை. காரணம் தெரிந்துவிட்டது என்பதே அவருக்குப் பாதி நிம்மதி.

அந்தக் காரை அதன்பிறகு வீட்டுக்கு ஓட்டிவர அங்கிள் விடவில்லை. கப்ளிங் வேகத்தில் முழுதாகப் பிய்ந்தால், தண்டின் முனை சுழன்றபடியே சுற்றியுள்ளதை அடிக்கும். கியர்பாக்ஸின் வால் உறை அலுமினியம், உடையும். பக்கத்தில் ஓடும் கைபிரேக் கேபிளும் குழாய்களும் மாட்டிக்கொள்ளலாம். பீடோருக்கு முன்னால் அப்பா உடனே காலை எடுத்ததால் தரைத்தகட்டில் ஒரு நசுங்கலோடு போனது.

பூட்டுகிற முறை

பட்டறைக்காரர் சொல்லித்தரமாட்டார், நாம்தான் கேட்கவேண்டும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கழற்றும் முன் தண்டின் இரு துண்டுகளிலும் விளிம்புகளிலும் பெயிண்டால் கோடு போட்டார். தண்டு தொழிற்சாலையில் சமநிலைப்படுத்தப்பட்டது. திருப்பிப் பூட்டினால் அது கெடும். தண்டில் ஒட்டவைத்த சிறு எடைத் துண்டுகள் விழுந்திருக்கின்றனவா என்றும் பார்த்தார். விழுந்திருந்தால் சதுரமாக ஒரு துருத் தழும்பு தெரியுமாம். ஒரு உபரித் தகவல்: காருக்கு அடியில் துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சு அடிக்கக் கொடுப்பவர்கள், தண்டின்மேல் படாமல் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தடித்துக் காய்ந்த பூச்சே அதிர்வுக்குப் போதும்.

முதலில் கியர்பாக்ஸ் சீல். கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் வைப்பது வீண். அடுத்து மூன்று மவுண்டிங்குகளும். அதன்பிறகுதான் நடு பேரிங், அதன் ரப்பர், முனை உறைகள், இரண்டு கப்ளிங்குகள். நட்டுகள் எல்லாம் புதிது. தானே இறுகும் நட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. ஒவ்வொன்றிலும் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகினார். சிலவகைக் கப்ளிங்குகளின் விளிம்பில் அம்புக்குறி இருக்கும். அது இணைப்புக் கையை நோக்கி நிற்கவேண்டும். தலைகீழாகப் போட்டாலும் பூட்டிக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து.

குழி எதற்கு என்பது கடைசியில் தெரிந்தது. நடு பேரிங்கின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி, அந்தப் பெரிய நட்டையும் தளர்வாக விட்டு, மேலே வந்தார். கியரை விடுவித்து, காரை முன்னும் பின்னும் நாலைந்து முறை தள்ளச் சொன்னார். நானும் மருமகளும் தள்ளினோம். சக்கரம் தரையில் உருள, தண்டு தானாக நகர்ந்து தனக்கு வசதியான இடத்தில் உட்கார்ந்தது. பிறகு குழியில் இறங்கிப் பெரிய நட்டை இறுக்கி, அதன்பின் நடு பேரிங்கை இறுக்கினார். ஹோய்ஸ்டில் சக்கரங்கள் தொங்கும்போது இப்படித் தள்ள முடியாது. முடியாதென்றில்லை, காரை இறக்கி ஏற்றவேண்டும். அந்த நேரத்தை யாரும் செலவழிப்பதில்லை.

செலவு குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று கப்ளிங், மூன்று கூலி, ஒரு இழுவை லாரி என்று கூட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய அதே தொகைதான் வந்தது. விற்றிருந்தால் வந்திருக்கும் பணத்தையும் அக்கா கணக்கில் சேர்த்தாள். அது வேறு விவாதம்.

உங்கள் வீட்டுக் கார் இது இல்லை என்றால்

நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது முன்சக்கர இயக்கக் கார். புரோட்டோன் வீராவோ பெரோடுவா மைவியோ, அதில் நீண்ட தண்டே கிடையாது. முன்சக்கரங்களுக்கு இரண்டு குட்டையான டிரைவ் ஷாஃப்ட்டுகள், ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக மூட்டுகள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்றால் வெளி மூட்டு. நேராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் முன்பக்கம் பக்கவாட்டில் ஆடி, காலை எடுத்ததும் அடங்கினால் உள் மூட்டு. ஆனால் இங்கும் அதே கேள்வி உண்டு. மூட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியதா, எஞ்சின் மவுண்டிங் இறங்கி ஷாஃப்ட் சாய்ந்து ஓடுகிறதா என்று பார்க்காமல் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றினால், ஆறு மாதத்தில் மறுபடி அதே பட்டறை வாசலில் நிற்கவேண்டும்.

இன்னொன்று, செலவில்லாதது. அதிர்வு என்றதும் ஷாஃப்ட்டுக்குப் போகுமுன் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற கார்கள் எத்தனை! ரப்பருக்கு ஓடினாலும் வயது ஏறும், நின்றாலும் ஏறும்.

வேலை முடிந்த மறுநாள் மருமகள் மறுபடியும் கைபேசியோடு உட்கார்ந்தாள். அதே சாலை, அதே 80. திரையில் 37 இருந்த இடத்தில் ஒரு சிறு புடைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. "சைபர் ஆகலையே" என்றேன். "30 வருஷக் கார், மாமா" என்றாள். சீட்டுக்கடியில் ரீங்காரம் இல்லை.

அதற்குப்பின் ஈப்போ, கோலாலம்பூர் போய்வரவு பலமுறை நடந்துவிட்டது. ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் அப்பா புந்தோங்குக்குப் போகிறார். அங்கிள் டார்ச் விளக்கோடு குழியில் இறங்கி, இரண்டு வட்டுகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுவார். பிறகு இருவரும் கோப்பிக் கடைக்குப் போய்விடுவார்கள். கிழிந்த வட்டுகளில் ஆறு இடமும் வெடித்திருந்ததை அங்கிள் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலை பழகும் பையன்களுக்குக் காட்ட அது இப்போது கொட்டகைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. மற்றொன்றை அப்பா மறுபடியும் செய்தித்தாளில் சுற்றிப் பூட்டில் வைத்துவிட்டார்.